செர்ரி மக்ரூன் தட்டையாகிப் பிசுபிசுப்பது ஏன்?

பாளையங்கோட்டையில் செய்த செர்ரி மக்ரூன் தட்டையாகிப் பிசுபிசுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அடித்த முட்டை வெள்ளை நுரையில் செர்ரி சிரப்பை ஊற்றாதீர்கள், அதுதான் காரணம். 3 முட்டை வெள்ளைக்கு 2 ஸ்பூன் சிரப் என்று எழுதியிருக்கிறீர்கள். தூத்துக்குடி மக்ரூனில் முட்டை வெள்ளை, சீனி, முந்திரி மூன்றே பொருள். அவ்வளவு ஈரத்தை அது தாங்காது, நுரை உட்கார்ந்துவிடும்.

பேக்கரிக் கடைச் சிவப்புச் செர்ரி பெரும்பாலும் பாகில் ஊறிய களாக்காய்தான். கழுவி, துணியில் ஒற்றி, மிளகு அளவுக்கு நறுக்கி, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, மேலே மட்டும் பதியுங்கள். மணத்துக்கு எசன்ஸ் இரண்டு சொட்டு போதும்.

அடுத்த முறை, முந்திரி போடுமுன் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். நுரை அசையக் கூடாது. அப்படி அசையாமல் நின்ற நுரை முந்திரி விழுந்ததும் இளகினால், மிக்ஸி சூட்டில் முந்திரி எண்ணெய் விட்டிருக்கும். பொடியை விரலில் தேய்த்தாலே பிசுக்குத் தெரியும். மிக்ஸியை நிறுத்தி நிறுத்தி அரையுங்கள்.

ஒன்று மட்டும்: பாளையங்கோட்டையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சீக்கிரம் நமுத்துவிடும். ஓவனில் 100 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் வைத்து, அப்புறம் ஓவனை அணைத்து உள்ளேயே ஆறவிடுங்கள். பாதாம் மாவில் செய்கிற பிரெஞ்சு மக்கரோனுக்கு இந்தக் கணக்கு ஆகாது. அதில் செர்ரி ஜாம் இரண்டு ஓட்டுக்கும் நடுவில்தான் போகும்.