வலிக்குச் சொல் போதுமா?

கேள்வி: தீராத முதுகுவலியை மருத்துவரிடம் விளக்க முயலும்போதெல்லாம் சொல் வராமல் தவிக்கிறேன்; உள்ளே உணர்வதை மொழியால் முழுமையாகச் சொல்லவே முடியாதா?
— வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: முழுமையாக முடியாது என்றே கருதுகிறேன், ஒருவரின் வலியை இன்னொருவர் உணர்ந்து சரிபார்க்க வழியில்லை. ஆயினும், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக், வலியைக் குறிக்கும் 78 சொற்களை 20 தொகுதிகளாக வகுத்து 1975இல் வெளியிட்ட வினாப்பட்டியல், வலியின் அளவை மட்டுமன்றி அதன் தன்மையையும் மருத்துவர்கள் அறிய உதவுகிறது. தமிழிலும் குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல் என ஒவ்வொன்றும் தனி வலி. 'விண் விண்' என்று தெறிக்கிறது என்றாலே, விட்டுவிட்டுத் துடிக்கும் வலி கேட்பவருக்குப் புலப்பட்டுவிடும். (மரத்துப்போவது வேறு, அதைத் தனியே குறிப்பிடுங்கள்.) 'வலிக்கிறது' என்பதோடு நிறுத்தாமல், இச்சொற்களில் பொருந்துவதைத் தேர்ந்து, வலி எங்கிருந்து எங்கே பரவுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.