குளித்த ஈரம் காய்வதற்குள் பூசுங்கள்

கேள்வி: ஓசூரில் வேலை, வயது 36. நாள் முழுக்க ஏசி அறை. முழங்காலுக்குக் கீழே நகம் பட்டால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கோடு விழுகிறது, முகத்தில் எதைத் தடவினாலும் எரிகிறது. மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கிறேன், விலை கூடிய கிரீமும் பூசுகிறேன். மாய்ஸ்சரைசர் நிஜமாகவே தோலுக்கு ஈரம் தருமா?

பதில்: கொஞ்சம் தரும், ஆனால் அதன் முக்கிய வேலை இருக்கிற ஈரத்தைப் போகவிடாமல் பிடித்து வைப்பதுதான். தோல் ஒரு மண்பானை மாதிரி, உள்ளே இருக்கும் நீர் சத்தமில்லாமல் வெளியே ஆவியாகிக்கொண்டே இருக்கும். மேல்தோலின் செல்களுக்கு இடையே உள்ள கொழுப்பு (செரமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள்) குறைந்தால் கசிவு கூடும், வெளியிலிருந்து சோப்பும் வாசனைப் பொருளும் சுலபமாக உள்ளே நுழையும், எரிச்சல் அதனால்தான். ஓட்டைப் பானையில் மூன்று லிட்டர் ஊற்றி என்ன செய்ய?

கிரீமில் கிளிசரின், யூரியா போன்றவை நீரை இழுத்து வைக்கும், பெட்ரோலியம் ஜெல்லி மூடி போடும், செரமைடு இடைவெளியை அடைக்கும். இதில் விலைக்குப் பெரிய வேலையில்லை. மலிவான பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்சும் மூடி இன்றுவரை அதிகமில்லை. நேரம்தான் முக்கியம். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் குளித்துவிட்டு, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மூன்று நிமிடத்துக்குள் பூசிவிடுங்கள். ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில், தோல் முழுக்கக் காய்ந்த பிறகு பூசினால் பிடித்து வைக்க அங்கே நீர் எங்கே இருக்கும்?

அளவிலும் கஞ்சத்தனம் வேண்டாம். ஆள்காட்டி விரல் நுனிக் கோடு வரை டியூபிலிருந்து பிதுக்கினால் அரை கிராம், அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்குத்தான் வரும். பாதம் தவிர ஒரு காலுக்கு மட்டும் அப்படி ஆறு தேவை.

எரிச்சலுக்கு வருவோம். யூரியா, லாக்டிக் அமிலம் இரண்டும் நல்லவைதான், ஆனால் வெடித்த தோலில் சுரீர் என்று எரியும், முகத்துக்கு இப்போதைக்கு வேண்டாம். 'வாசனை சேர்க்காதது' (fragrance-free) என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். 'மணமற்றது' (unscented) என்பது வேறு, வாடையை மறைக்க அதிலும் வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம். புது கிரீமை முழங்கையின் உட்புறத்தில் நான்கைந்து நாள் போட்டுப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். எலுமிச்சையும் கடலை மாவும் "இயற்கைதானே" என்று தேய்க்காதீர்கள். ஆலிவ் எண்ணெயும் தோலின் கொழுப்பு அடுக்கைக் குலைக்கும், அதற்கு நம்மூர் தேங்காய் எண்ணெய் எவ்வளவோ மேல்.

அப்புறம், மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துத் தரும் 'சிவப்பு போகும்' கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், முகத்தில் தொடவே தொடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் இப்படிப் பூசியும் அடங்காமல் இரவில் அரிப்பு எழுப்பினாலோ, நீர் கசிந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். உடம்பு முழுக்க வறட்சி என்றால் தைராய்டும் சர்க்கரையும் பார்த்துவிடுவது நல்லது.