விற்ற ஆர்எக்ஸ் 100-ஐ பர்சனல் லோன் போட்டுத் திரும்ப வாங்கலாமா?

கேள்வி: வயது 43. திண்டுக்கல் பக்கம் நூற்பாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். பிடித்தம் போக மாதம் 62,000 ரூபாய் கைக்கு வருகிறது. 2012 மாடல் ஸ்விஃப்ட் டீசல் வைத்திருந்தேன். மாதம் 9,800 ரூபாய் தவணை, 2017-லேயே கட்டி முடித்துவிட்டேன். 2024 கடைசியில் கிளட்ச், சஸ்பென்ஷன், நாலு டயர், ஏசி வேலை என்று மெக்கானிக் 70,000 ரூபாய் சொன்னார். "பழைய வண்டிக்கு இவ்வளவு அழணுமா? 15 வருஷம் ஆனா காயலான் கடைதான்" என்று என் மச்சான், மனைவியின் அண்ணன், ஷோரூமுக்குக் கூட்டிப்போனார். 2025 ஜனவரியில் 15 லட்சத்துக்கு பெட்ரோல் எஸ்யூவி எடுத்தேன். ஸ்விஃப்டுக்கு எக்ஸ்சேஞ்சில் 2.6 லட்சம் கொடுத்தார்கள். கடன் 12 லட்சம், 7 வருடம், 9.5% வட்டி. கடைசியில் துண்டு விழுந்த 38,000-க்கு அப்பா ஓட்டிய 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ உள்ளூர் மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அப்பா காலமான பிறகு 2016-ல் என் பெயருக்கு மாற்றிய வண்டி அது. இப்போது அவர் அதைப் புதிதாக்கி 1.25 லட்சம் கேட்கிறார். வங்கி ஆப்பில் 14% வட்டியில் 3 வருட பர்சனல் லோன் தயாராக இருப்பதாகக் காட்டுகிறது. "வாங்கிப் போடு, ரெண்டு வருஷத்துல ரெண்டு லட்சம் போகும்" என்கிறார் மச்சான். என்னிடம் எஃப்டியில் 1 லட்சம் இருக்கிறது. தீபாவளிக்கு 45,000 போனஸ் வரும். 2012-ல் ஸ்விஃப்ட் எடுத்தபோதும் கடன் தீர்ந்த ஆல்டோவைக் கொடுத்துத்தான் எடுத்தேன். லோன் போடலாமா?

பதில்: வண்டியை வாங்குங்கள். லோன் போடாதீர்கள்.

வட்டிக் கணக்கெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, கடிதத்திலேயே தெரிகிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆர்எக்ஸை விற்றதுதான் தவறு என்று நினைத்து வருந்துகிறீர்கள். அது கடைசியில் விழுந்த அடி, அவ்வளவுதான். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஆல்டோவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கே இருக்கிறது. கையில் முன்பணம் சேர்த்து வைக்காமல், கடன் தீர்ந்த வண்டியைத் தூக்கிக் கொடுத்து அடுத்த கடனுக்குள் நுழைவது உங்களுக்குப் பழகிவிட்டது. 2012-ல் ஆல்டோ. 2025-ல் ஸ்விஃப்ட். அதுவும் போதாமல் அப்பா வண்டி.

70,000 ரூபாய் செலவுக்குப் பயந்தீர்கள். இப்போதைய தவணை மாதம் சுமார் 19,600. அந்த 70,000 என்பது மூன்றரை மாதத் தவணை. 84 மாதம் கட்டினால் மொத்தம் 16.47 லட்சம், வட்டி மட்டும் 4.47 லட்சம். நீங்கள் சொல்லும் நாலு வேலையையும் செய்திருந்தால் அந்த ஸ்விஃப்ட் இன்னும் நாலைந்து வருடம் தாராளமாக ஓடியிருக்கும். பிறகு வருடத்துக்கு 25,000, 30,000 பராமரிப்பு வந்தாலும் இப்போதைய தவணையில் ஒன்றரை மாதம். அந்த 1.3 லிட்டர் டீசலை இனி புதிதாக வாங்கவும் முடியாது. 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார்களை நிறுத்திவிட்டது. அதனால்தான் அதை விற்ற பலர் இன்று பழைய கார் சந்தையில் அதே வண்டியைத் தேடுகிறார்கள்.

15 வருடக் கதையையும் இங்கேயே முடித்துவிடுவோம். பெட்ரோலுக்கு 15, டீசலுக்கு 10 என்ற கட்டுப்பாடு டெல்லியையும் அதைச் சுற்றிய பகுதியையும் சேர்ந்தது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருடம் முடிந்ததும் ஆர்டிஓவில் வண்டியைக் காட்டி, கட்டணமும் பசுமை வரியும் செலுத்தினால் 5 வருடத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள். உங்கள் ஸ்விஃப்டுக்கு 2027 வரை அதுவும் தேவைப்பட்டிருக்காது. இந்த ஒரு வதந்தியால் நல்ல வண்டியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தவர்கள் ஏராளம்.

2017-ல் தவணை முடிந்த பிறகு அந்த 9,800 எங்கே போனது என்று யோசித்தீர்களா? பாதியை, மாதம் 5,000 என்று, 6.5% ஆர்டியில் 7 வருடம் போட்டிருந்தால் சுமார் 5.3 லட்சம் கையில் இருந்திருக்கும். எஸ்யூவிதான் வேண்டும் என்றாலும் கடன் 7 லட்சத்துக்குள் அடங்கியிருக்கும், ஆர்எக்ஸும் வீட்டில் நின்றிருக்கும். இன்னொன்று: தமிழ்நாட்டில் 10 லட்சத்தைத் தாண்டிய காருக்கு சாலை வரி 13 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிடுகிறது. ஒரு படி கீழே உள்ள மாடலை எடுத்திருந்தால் அந்த வித்தியாசமே ஒரு ஆர்எக்ஸ் விலை. 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஷோரூமில் 1% டிசிஎஸ் (விற்பவர் உங்களிடம் வாங்கி அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள், உங்களுக்கு அது 11,000, 12,000 இருக்கும். வருமான வரிக் கணக்கில் அதைக் கேட்டு வாங்கினீர்களா என்று ஆடிட்டரிடம் விசாரியுங்கள். பலர் அதை விலையோடு சேர்ந்தது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

ஆத்திரத்தில் எஸ்யூவியை விற்றுவிடாதீர்கள். 14 தவணையில் 2.75 லட்சம் கட்டியிருக்கிறீர்கள், அசல் குறைந்தது ஒன்றரை லட்சம்தான். பாக்கி சுமார் 10.5 லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் கார்களுக்கு ஜிஎஸ்டி குறைந்ததில் உங்கள் வகை வண்டி புதிதாகவே ஏறக்குறைய ஒரு லட்சம் இறங்கிவிட்டது. அதனால் பழையதை யாரும் 10 லட்சத்துக்கு மேல் கேட்பது கடினம். விற்றால் கைக்காசு போட்டுக் கடனை முடித்துவிட்டு பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதுதான். இந்த வண்டியைக் குறைந்தது 2035 வரை ஓட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். "மூணு வருஷத்துல நாங்களே உத்தரவாத விலைக்கு எடுத்துக்குறோம், புது மாடல் ஓட்டுங்க" என்று ஷோரூமிலிருந்து போன் வரும். அந்த உத்தரவாதம் கிலோமீட்டர் வரம்பு, அவர்களிடமே சர்வீஸ், கீறல் கணக்கு என்று நிபந்தனைகளோடு வருவது. உங்கள் பழைய பழக்கத்துக்கே ஒரு திட்டப் பெயர் வைத்துத் திருப்பி விற்கிறார்கள்.

மச்சான் அந்த எஸ்யூவியை அடிக்கடி கேட்டு வாங்கிப் போகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. போகிறார் என்றால் டீசண்டாக ஒரு ஏற்பாடு சொல்லிவிடுங்கள்: டேங்க் நிரப்பித் தர வேண்டும், கீறல் விழுந்தால் அவர் செலவு. சின்னக் கீறலுக்கு இன்ஷூரன்ஸ் கிளெய்ம் போட்டால் அடுத்த வருடம் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். யோசனை சொல்பவருக்குத் தவணையில் பங்கில்லை என்பதை உறவு கெடாமல் உணர்த்த இதைவிட வழியில்லை.

இனி ஆர்எக்ஸ். 1.25 லட்சத்துக்கு 14% வட்டியில் 3 வருடம் என்றால் தவணை 4,270, மொத்தம் 1.54 லட்சம். 38,000-க்கு விற்றது நாலு மடங்காகத் திரும்பி வருகிறது. கார் தவணையும் சேர்ந்து மாதம் 23,900, சம்பளத்தில் 38 சதவீதத்துக்கு மேல்.

மச்சான் சொல்லும் முதலீடு இதில் இல்லை. ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985-ல் வந்து 1996-ல் நின்ற வண்டி, ஆசைப்படுபவர்கள் நிறைய, அது உண்மை. ஆனால் ஆன்லைனில் பார்ப்பது கேட்கும் விலை. கொடுத்த விலை யாருக்கும் தெரியாது. சட்டப்படி 'விண்டேஜ்' என்று பதிய 50 வயது ஆக வேண்டும், உங்கள் வண்டிக்கு 2043-ல்தான். அதுவரை 5 வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி, அதாவது வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிப்பது. 20 வயது தாண்டிய பைக்குக்கு 2025 ஆகஸ்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணமே 2,000. அப்பா நினைவுக்காகச் செய்யும் செலவு என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. செலவைக் கடனில் செய்யக்கூடாது, அவ்வளவே.

எவ்வளவு கொடுக்கலாம்? அவர் வாங்கியது 38,000. போர் அடித்து பிஸ்டன் கிட், கிராங்க் பேரிங், ஆயில் சீல், பெயிண்ட், குரோம், சீட், டயர் என்று ஒழுங்காகச் செய்திருந்தால் 35,000 முதல் 40,000 ஆகியிருக்கலாம். கூலி, லாபம் சேர்த்தாலும் 85,000-க்கு மேல் வேண்டாம். லோனுக்குக் கட்டத் தயாராக இருந்த 4,270-ஐ இந்த மாதமே தனிக் கணக்கில் போட ஆரம்பியுங்கள். எட்டு மாதத்தில் 34,000. தீபாவளி போனஸ் 45,000. ஆக 79,000. மெக்கானிக்கிடம் 5,000 அட்வான்ஸ் கொடுத்து, ஒரு பேப்பரில் விலையும் தேதியும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாதம் 4,270 ஒதுக்க முடியவில்லை என்றால் லோன் தவணையையும் கட்டியிருக்க மாட்டீர்கள், அது இப்போதே தெரிந்துவிடும். எஃப்டி அவசரத்துக்கு, அதைத் தொடாதீர்கள். அடுத்த வருட போனஸிலிருந்து கார் கடனில் கூடுதலாகக் கட்டுங்கள். இன்றைய பாக்கியில் 1 லட்சம் கூடுதலாகக் கட்டினால் எட்டு தவணைக்கு மேல் குறையும், சுமார் 68,000 வட்டி மிச்சம். முன்கூட்டிக் கட்ட அபராதம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். தவணைத் தொகையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள்.

உங்கள் வண்டிதானே என்று பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள். ஒரு வருடம் வேறு கையில் இருந்திருக்கிறது. இன்ஜின் நம்பர், சேஸ் நம்பர் இரண்டையும் ஆர்சியோடு ஒப்பிடுங்கள். பழைய ஜப்பான் பிளாக்கை, அதாவது இன்ஜின் சிலிண்டரை, கழற்றி விற்றுவிட்டு ஆர்எக்ஸ் 135 பிளாக்கையோ டூப்ளிகேட்டையோ மாட்டுவது இந்த வண்டியில் சகஜம். அது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, தெரிந்த வேறு மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது நீங்களே கிக் அடியுங்கள். முதல் நிமிடப் புகை பரவாயில்லை, சூடான பிறகும் வெள்ளையாகத் தள்ளினால் கிராங்க் சீல் வழியாக கியர் ஆயில் உள்ளே போகிறது. ஆக்சிலரேட்டரை விட்டபிறகும் ஆர்பிஎம் இறங்காமல் தொங்கினால் எங்கோ காற்று இழுக்கிறது, அப்படியே ஓட்டினால் பிஸ்டன் ஜாம் ஆகும். ஆயிலைத் தானாகவே இன்ஜினுக்கு அனுப்பும் ஆட்டோலூப் பம்ப் வேலை செய்கிறதா, இல்லை அடைத்துவிட்டு பெட்ரோலிலேயே 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலக்கச் சொல்கிறாரா என்று கேளுங்கள். அடைத்திருந்தால் விலையில் கழியுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், இன்றே செய்ய வேண்டியது ஒன்று. அரசின் எம்பரிவாகன் ஆப்பில் அந்த வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் வெற்றுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் ஆர்சி இன்னும் உங்கள் பெயரிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். வண்டியை விற்றிருந்தாலும் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீடு அவர் தலையில்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. யாராவது ஓட்டிப் பார்க்கப் போய் ஒருவர்மேல் மோதினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். உங்கள் பெயரில்தான் இருக்கிறது என்றால் இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் மூன்றாம் நபர் பாலிசியை உடனே போடுங்கள். 75 முதல் 150 சிசி பைக்குக்கு அது 714 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ரசீதை எடுத்துக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விலை பேசுங்கள். பெயர் மாற்றாமல் ஒரு வருடம் வைத்திருந்தவர் 1.25 லட்சத்தில் பிடிவாதமாக நிற்பது கஷ்டம்.