கியர் சைக்கிளில் கியர் மாற்றும்போது கடகடவென்று சத்தம் வருகிறது, செயின் நழுவுகிறது. எப்படிச் சரிசெய்வது?

வாங்கி இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும், "நம்ம ரோட்டுக்கு கியரெல்லாம் ஆகாது" என்று கடையில் சொல்லியிருப்பார்கள், சரியா? எனக்கும் அதேதான் நடந்தது.

காரைக்குடியில் மகளுக்கு 21 கியர் சைக்கிள் வாங்கிக்கொடுத்தேன். முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7. இரண்டாம் மாதமே சத்தம் வந்துவிட்டது. பின்னால் பெரிய பல்சக்கரத்துக்குச் செயின் ஏறாது, ஏறினாலும் தானாக இறங்கிவிடும். ஒருநாள் கண்மாய்க் கரை ஏறும்போது அழுத்தி மிதித்துக்கொண்டே கியரை மாற்றியிருக்கிறாள், செயின் கழன்று விழுந்து முழங்காலில் சிராய்ப்பு, உடம்பெல்லாம் செம்மண். கடைக்குக் கொண்டுபோனால், "அண்ணே, கியரைக் கழற்றிட்டு சாதா ஃப்ரீவீல் போட்டுருவோம்" என்கிறார், அதாவது பின்னால் ஒரே ஒரு பல்சக்கரம். அவர் நல்ல வேலைக்காரர், குறை சொல்லவில்லை. ஆனால் பழுது கியரில் இல்லையே, கைப்பிடியிலிருந்து கியருக்குப் போகும் கேபிளில்தானே இருந்தது!

புதுக் கேபிள் ஓட ஓட, அதன் உறை அழுந்தி உட்கார்ந்து கொஞ்சம் தொய்ந்துவிடும். செயினைத் தள்ளிக்கொடுக்கும் பின்பக்கக் கையில் கேபிள் நுழையும் இடத்தில் விரலால் திருகும் குமிழ் ஒன்று இருக்கும். செயின் பெரிய பல்லுக்கு ஏற மறுத்தால், பின்னாலிருந்து பார்த்து அதை இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள், பெடலைக் கையால் சுற்றி கியர் மாற்றிப் பாருங்கள், போதாவிட்டால் இன்னொரு கால் சுற்று. சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் வலப்பக்கம். எனக்கு மொத்தம் முக்கால் சுற்றில் சரியாகிவிட்டது. பக்கத்தில் இருக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூக்களைச் சும்மா தொடாதீர்கள். செயின் கடைசிப் பல்சக்கரத்தைத் தாண்டி விழுந்தாலோ, குமிழைத் திருகியும் கடைசிப் பல்சக்கரத்தை எட்டாமலே நின்றாலோதான் அவற்றுக்கு வேலை. சைக்கிள் வலப்பக்கமாக விழுந்திருந்தால், அந்தக் கையைத் தாங்கும் துண்டு வளைந்திருக்கலாம், அதை நிமிர்த்தாமல் என்ன திருகினாலும் பயனில்லை.

ஓட்டும்போது, மேடு வருவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். கால் சுற்றிக்கொண்டே இருக்கட்டும், மாற்றும் அந்த ஒரு நொடி மட்டும் அழுத்தத்தைக் குறையுங்கள்.

தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் சின்ன விஷயமாக இருக்கலாம். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. சமதள ஊருக்கு கியர் எதற்கு என்பவர்கள், ஆடி மாதம் மேல்காற்றுக்கு எதிரே குன்றக்குடி வரை ஒருமுறை மிதித்துவிட்டு வந்து பேசட்டும்.

அந்த ரோட்டில் சைக்கிளுக்கு உண்மையான தொல்லை கியர் இல்லை, பஸ்தான். ஏர் ஹாரனைக் காதுக்குப் பின்னால் அடித்து, சைக்கிளைத் தார் விளிம்புக்குத் தள்ளுகிறார்கள். விளிம்புக்குக் கீழே பள்ளம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற ரோடு அது, கேட்க ஒருவரும் இல்லை.

குமிழைத் திருகியும் சத்தம் நிற்காவிட்டால், எந்தப் பல்லில் வருகிறது என்று எழுதுங்கள்.