கோத்தகிரியில் இருக்கிறேன். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் ஆரம்பித்தார்கள். முதல் தடவையிலேயே வலி போய்விட்டது. மீதியையும் செய்யத்தான் வேண்டுமா?

செய்யத்தான் வேண்டும், கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) போடுகிற வரைக்கும். பல் குணமானதால் வலி நிற்கவில்லை. வலியைச் சொல்ல உள்ளே இருந்த நரம்பை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். இனி அந்தப் பல்லுக்குள் என்ன கெட்டாலும் கூச்சம்கூடத் தெரியாது. வேர் நுனியில் எலும்பு கரைந்து, சீழ் கட்டி, ஈறு வீங்கும்போதுதான் தெரியும். அதற்கு மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில்கூட ஆகலாம்.

முதல் நாள் மரத்துப்போக ஊசி போட்டு, பல்லின் மேல்பக்கம் துளைத்து, நரம்பை எடுத்து, மருந்து வைத்து, சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெள்ளையாக ஒன்றை அடைத்து அனுப்பியிருப்பார்கள். அந்த அடைப்பு தற்காலிகம். மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் கனம் இருந்தால் இரண்டு மூன்று வாரம் எச்சிலைத் தடுக்கும். அதற்குமேல் ஓரம் தேய்ந்து கசியும். கிருமி திரும்ப உள்ளே போனால் முதல் நாள் செய்ததெல்லாம் வீண்.

இனிமேல்தான் முக்கியமான வேலை: வேருக்குள் நரம்பு ஓடிய குழாய்களைச் சுத்தம் செய்து அடைப்பது. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் இரண்டு, அதற்குள் குழாய் பெரும்பாலும் மூன்று, சிலருக்கு நான்கு. மேல்வரிசை முதல் கடைவாய்ப் பல்லில் நாலாவது குழாய் ரொம்பச் சன்னமாக ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டால் எவ்வளவு அழகாகக் கேப் போட்டாலும் பல் தொல்லை கொடுக்கும். ஆகவே "எத்தனை குழாய் கிடைத்தது டாக்டர்?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்கச் சொல்வதற்காகப் பல் டாக்டர்கள் யாரும் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். ஒழுங்காகச் செய்பவர் எக்ஸ்ரேயைத் திருப்பிக் காட்டியே சொல்வார்.

குழாயின் நீளத்தைக் கருவியிலும் எக்ஸ்ரேயிலும் அளந்து, வேர் நுனிக்கு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிறுத்துவார்கள். பிறகு 10, 15, 20, 25 என்று நம்பர் போட்ட ஃபைல்களை (சுரண்டும் கம்பிகளை) வரிசையாக விட்டுச் சுரண்டுவார்கள். 15 என்றால் நுனி 0.15 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிய கம்பி வளைந்த வேருக்குள் சுற்றும்போது எப்போதாவது ஒடிந்துவிடும். ஒடிந்தால் நோயாளியிடம் சொல்ல வேண்டும். ஒடிந்ததாலேயே பல் போய்விடாது.

ஃபைல் தொடாத மூலைமுடுக்கைக் கழுவுவது சோடியம் ஹைப்போகுளோரைட், வீட்டில் துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவத்தின் சொந்தக்காரன். அது வேர் நுனியைத் தாண்டிப் போனால் முகம் வீங்கிவிடும், தொண்டைக்கு இறங்கினாலும் ஆபத்து. பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டுவது தொண்டைக்கு இறங்காமல் தடுக்கத்தான். மூச்சு முட்டுகிறது என்று அதைக் கழற்றச் சொல்லாதீர்கள். மூக்கால் மூச்சு விடலாம். கடைசியில் குழாயைக் காய வைத்து கட்டாபெர்ச்சா குச்சியும் பசையும் வைத்து அடைப்பார்கள். கட்டாபெர்ச்சா மலேயாக் காட்டு மரத்தின் பால், நம் இலுப்பையின் குடும்பம்.

கேப்பை ஏன் ஒத்திப்போடக் கூடாது? சொத்தையும் துளையும் போக மீதி நிற்பது மெல்லிய சுவர். கடைவாய்ப் பல்தான் அரைக்கிற பாரத்தைத் தாங்குகிறது. ஒரு நாள் வர்க்கியைக் கடிக்கும்போது 'டக்' என்று வேர்வரை பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. முன்பல்லில் ஓட்டை சிறியதாக இருந்தால் ஃபில்லிங்கோடு நிறுத்தலாம். கடைவாய்ப் பல்லுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆரம்பத்திலேயே கேப்பையும் சேர்த்து ரேட் கேளுங்கள். ரூட் கெனாலுக்கு மட்டும் ஒரு தொகை சொல்லிவிட்டுக் கடைசியில் கேப் கணக்கை நீட்டுவதால்தான் பாதிப்பேர் பாதியில் ஓடுகிறார்கள்.

மலையில் இன்னொரு குழப்பம் உண்டு. டிசம்பர், ஜனவரிக் காலையில் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் நல்ல பல்லே கூசும், எல்லாரும் குளிர்மேல் பழி போட்டுவிடுவார்கள். வீட்டில் வேறு யாருக்காவது சந்தேகம் வந்தால் இப்படிப் பாருங்கள்: தண்ணீரைத் துப்பியதும் சில நொடியில் கூச்சம் அடங்கினால் பெரும்பாலும் ஃபில்லிங்கோடு போய்விடும். நிமிடக்கணக்கில் நின்று வலித்தாலோ, ராத்திரி எழுப்பினாலோ, சூடான டீக்கு வலித்துப் பச்சைத் தண்ணீருக்கு அடங்கினாலோ நரம்பு கெட்டுவிட்டது. மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுத் தள்ளிப்போடுவதில் பலன் இல்லை. செத்த நரம்புக்கு ரத்தம் போகாது, ரத்தம் போகாத இடத்துக்கு மாத்திரையும் போகாது.

மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் என்று இறங்கிப் போய்ச் செய்கிறவரானால் ஏப்ரல், மே மாதத்தில் தேதி வாங்காதீர்கள். சுற்றுலா சீசனில் கோத்தகிரி ரோடு நமக்குச் சொந்தமில்லை. ஊர்க்காரன் ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பற்றி யாருக்குக் கவலை?

ஒவ்வொரு சிட்டிங்குக்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது வலிப்பது சகஜம். தாடைக்கடியில் வீக்கம், காய்ச்சல், வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டம் என்றால் காலைவரை காத்திராமல் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். வெறுமனே அடைப்பு மட்டும் விழுந்துவிட்டால் கிராம்பு எண்ணெய்ப் பஞ்சைத் திணிக்காமல், அந்தப் பக்கம் மெல்லாமல், இரண்டொரு நாளில் போய்த் திரும்ப அடைத்துக்கொள்ளுங்கள்.