முதல் கியரில் உதறும் ஆல்டோ: பிளேட் மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 2008 மாடல் மாருதி ஆல்டோ. முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சை விடும்போது வண்டியே உதறுகிறது. ஓட ஆரம்பித்துவிட்டால் ஒன்றும் தெரிவதில்லை. போன வருடம் கிளட்ச் பிளேட் மட்டும் மாற்றினேன். சில மாதம் நன்றாக இருந்து மறுபடி ஆரம்பித்துவிட்டது. இன்னொரு பிளேட் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். ஸ்பேர்ஸ் கடையில் முழு செட் வாங்கச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: கடைக்காரர் சொல்வதில்தான் நியாயம் இருக்கிறது. ஆனால் செட் வாங்குவதற்கு முன் பானெட்டைத் திறந்து ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஹேண்ட்பிரேக்கை இறுக்கிப் போட்டு, ஒருவர் முதல் கியரில் கிளட்சை மெல்லப் பாதி விட, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று (நேரெதிரே நிற்கக் கூடாது) இன்ஜினைப் பார்க்க வேண்டும். ரிவர்ஸிலும் இதையே செய்யுங்கள். இன்ஜின் எகிறி ஆடினால் அதைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கும். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. கிளட்ச் கேபிள் காய்ந்து சிக்கிச் சிக்கி வந்தாலும் உதறும். ஐடிலிங்கிலும் ஆட்டம் இருக்கிறதென்றால் கோளாறு கிளட்சில் இல்லை. மூன்று சிலிண்டரில் ஒன்று சரியாக எரியாமல் மிஸ் ஆகிறதா பாருங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். புது பிளேட் சில மாதத்திலேயே உதறினால் பெரும்பாலும் ஆயில் கசிவுதான் காரணம். கிராங்க் (இன்ஜினின் சுழலும் தண்டு) பின்பக்க ஆயில் சீலோ, கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச் பிளேட் மாட்டும் தண்டு) சீலோ கசிந்து பிளேட்டில் எண்ணெய் ஏறியிருக்கும். கறுத்த ஆயில் இன்ஜினுடையது. கந்தக வாடையோடு கொழகொழவென்று இருந்தால் கியர் ஆயில். எண்ணெய் ஏறிய பிளேட்டை பெட்ரோலில் கழுவி மாட்டுவது வீண் வேலை. பிளேட்டின் உராயும் பரப்பான லைனிங் உள்ளுக்குள் குடித்த எண்ணெய், சூடானதும் வெளியே வரும்.

இன்னொரு காரணம் ஃப்ளைவீல், அதாவது பிளேட் அழுந்திப் பிடிக்கும் இன்ஜின் சக்கரம். முகத்தில் நீலத் திட்டுகள் இருந்தால் அந்த இடம் சூட்டில் இறுகிப்போயிருக்கிறது. அதன்மேல் புது பிளேட் போட்டால் ஒரே சீராகப் பிடிக்காது, விட்டு விட்டுத்தான் பிடிக்கும். இன்ஜின் வேலை செய்யும் லேத் பட்டறையில் கிரைண்டிங் செய்யலாம். ஆழமான விரிசல் இருந்தால் மாற்றிவிடுங்கள். மாட்டிய பிறகு டயல் கேஜ் என்ற அளவுகருவி வைத்து ஓட்டம் (சுழலும்போது முகம் ஆடும் அளவு) பார்க்கச் சொல்லுங்கள். 0.2 மி.மீ. தாண்டக் கூடாது.

ஆகவே வாங்க வேண்டியவை: பிளேட், அதை ஃப்ளைவீலோடு அழுத்தும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்ததும் அந்த அழுத்தத்தை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரே கம்பெனி செட்டாக, மேற்சொன்ன இரண்டு ஆயில் சீல், கேபிள், கியர் ஆயில். மாருதி ஜெனுயின், வேலியோ, எக்சிடி எதுவானாலும் சரி, ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். பழைய பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் பழைய கதவு வாங்கலாம், பழைய கிளட்ச் வேண்டவே வேண்டாம். சீல் விலை சொற்பம். அதை விட்டுவிட்டு கியர்பாக்ஸை இரண்டாம் முறை இறக்கும் கூலிதான் கையைக் கடிக்கும்.

மாட்டும்போது கூடவே நில்லுங்கள். பிரஷர் பிளேட்டின் துரு தடுப்புப் பூச்சை பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். ஸ்ப்ளைனில் (இன்புட் ஷாஃப்டின் பல்வரி) கிரீஸ் மெல்லிய பூச்சுதான். அதிகமானால் தெறித்து லைனிங்கில் ஏறும். அலைன்மென்ட் கம்பி வைத்து சென்டர் பார்த்து, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் எடை இன்புட் ஷாஃப்டில் தொங்கக் கூடாது. ஜாக்கியில் தாங்காமல் ஒரு நிமிடம் தொங்கவிட்டாலும் பிளேட் வளைந்துவிடும். 'புது செட் போட்டும் உதறுது' என்ற புகாரில் பல இப்படி வந்தவைதான்.

கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கி வையுங்கள். பில்லில் வேலை, பாகம் தனித்தனியாக எழுதியிருக்கட்டும். வேலை சரியில்லாமல் பட்டறை கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் 2 ஆண்டுக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது.

புது கிளட்ச் முதல் சில நூறு கிலோமீட்டர் லேசாக உதறினால் பயப்பட வேண்டாம். அதுவரை மேட்டில் கிளட்சைப் பாதி மிதித்து வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள், ஹேண்ட்பிரேக் போடுங்கள்.