கிட் பேக் மூலையில் கிடக்கிறது

அம்மா, உங்கள் கடிதம் படித்தேன். மாவட்ட கிரிக்கெட் அணி செலக்‌ஷனில் பெயர் வராததிலிருந்து மகன் கிட் பேக்கைத் தொடவில்லை, மூன்று வாரமாகச் சரியான சாப்பாடும் தூக்கமும் இல்லை என்கிறீர்கள். கடைசியில் ப்ளஸ் ஒன்னில் எந்த குரூப் என்று கேட்கிறீர்கள். அதை அப்புறம் பேசலாம். முதலில் அவனை மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

தோற்றால் இரண்டு நாள் முகம் வாடும், அது இயல்பு. இரண்டு வாரம் தாண்டியும் பசி, தூக்கம், ஆசை எதுவும் திரும்பவில்லை என்றால் அதைச் சோம்பல் என்று திட்டித் தீர்க்க முடியாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. சாவைப் பற்றி ஏதாவது சொன்னால் அன்றைக்கே கூட்டிப் போங்கள், தனியாக விடாதீர்கள்.

"நல்லா ஆடுறவனுக்கு என்ன டிப்ரஷன்?" என்று அவன் அப்பா கேட்கிறாராமே. ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் மேக்ஸ்வெல் கதையைச் சொல்லுங்கள். 2019 அக்டோபரில் அடிலெய்டில் இலங்கைக்கு எதிராக 28 பந்தில் 62 அடித்தார். அதே வாரம் மனநலக் காரணத்துக்காக ஆட்டத்திலிருந்து விலகினார். ஸ்கோர் கார்டில் ஒன்றுமே தெரியவில்லை. மாற்றத்தை முதலில் கவனித்து, யாரிடமாவது பேசச் சொன்னது அவருடைய துணைவி வினி ராமன், நம் தமிழ்க் குடும்பத்துப் பெண்தான். வீட்டில் இருப்பவர் கண்ணில்தான் இது முதலில் படும். உங்கள் கண்ணிலும் பட்டிருக்கிறது. நான்கு ஆண்டு கழித்து மும்பை வான்கடே மைதானத்தில் மேக்ஸ்வெல் அடித்த 201 நாட் அவுட்டை அவன் அப்பாவே பார்த்திருப்பார்.

எல்லாரும் அப்படித் திரும்பி வந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இங்கிலாந்து பேட்ஸ்மேன் ட்ரெஸ்கோதிக் 2006-இல் இந்தியச் சுற்றுப்பயணத்தின் பாதியிலேயே வீடு திரும்பினார். சர்வதேச ஆட்டம் அதிக நாள் நீடிக்கவில்லை. ஆனால் உள்ளூர் கவுண்டி அணியான சோமர்செட்டுக்காக 2019 வரை ஆடினார், பிறகு இங்கிலாந்து அணிக்கே பேட்டிங் கோச் ஆனார். பாதை மாறியது, கிரிக்கெட் கையை விட்டுப் போகவில்லை.

குரூப் விஷயம்: அவனுக்கு பயாலஜி பிடிக்கும் என்றால் எடுக்கட்டும், பிசியோதெரபி போக அது வேண்டும். ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டுக்காக மட்டும் அவனை மைதானத்துக்குத் தள்ளாதீர்கள், அது என் கண்டிப்பான கருத்து.

கோச்சுக்கு அவனைக் கேட்காமல் போன் செய்ய வேண்டாம். கிட் பேக்கும் கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும். டாக்டரைப் பார்த்த பிறகு அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மூவருமாக உட்கார்ந்து பார்க்கலாம்.